அகதாவுக்கு ஓர் அட்டை

4410, மில் க்ரீக் சாலை
ஒஹாயோ
செப்டம்பர் 5, 2013, வியாழன்

நார்பர்ட்,

உன் சமையலறை விளக்கு எரிவது என் மேசையிலிருந்தே தெரிகிறது. ஆனாலும் இதைத் தபால்தலை ஒட்டித்தான் அனுப்புகிறேன். நேற்று பங்குக் கோயில் கூடத்தில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு உன்னோடு வாய் திறந்து பேசுவதாக இல்லை. சாலையைத் தாண்டி வந்து உன் பெட்டியில் நானே போட்டுவிடலாம்தான். தபால்தலை இல்லாமல் அப்படிப் போடுவது சட்டவிரோதம். சட்டத்தின் மேல் உனக்குப் புதிதாக வந்திருக்கும் பக்தியைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.

நீ எழுந்து நின்று சொன்னதை அங்கேயே ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். "எங்க அண்ணிக்கு வயசு எழுபத்தெட்டு. எடை நூத்தி ஏழு பவுண்டு. அவங்க வளக்குற புலி முந்நூத்தி இருபது. மீதிக் கணக்க நீங்களே போட்டுக்குங்க." கூடமே சிரித்தது. பங்குச் சாமியாரும் சிரித்தார். பிறகு இருமுவது போல் வாயை மூடிக்கொண்டார்.

என் எடை நூற்றுப் பதினொன்று.

தனியார் யாராக இருந்தாலும் காட்டு விலங்கு வைத்துக்கொள்ள ஜனவரி முதல் தேதிக்குள் அனுமதி வாங்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டிருக்கிறது. போடட்டும். கூண்டை அளந்தேன், படம் வரைந்தேன், பதினான்கு பக்கம் நிரப்பினேன். அடித்தல் திருத்தல் ஒன்று கிடையாது. ஆனால் நீயும் உன் கூட்டாளிகளும் கேட்பது அதுவல்ல. லியோனோரா ஹெம்மல்கார்னுக்கு அனுமதியே தரக் கூடாது என்று மனு. எண்பத்தோரு கையெழுத்து. முதல் கையெழுத்து உன்னுடையது.

பதினாறு வருடத்துக்கு முன் உன் அண்ணன் ஏலத்துக்குப் போனது கிடேரி வாங்க. நாய்க்கூடை ஒன்றோடு வந்தார். "என்ன இது?" என்றேன். "பூனை" என்றார். அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் நீ. மடத்துப் பள்ளியில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் அகதாவின் பார்வை அந்தப் புலிக்குட்டிக்கு இருந்ததால் நான் அந்தப் பெயரை வைத்தேன். கிளெம் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் விட்டுப்போனவற்றில் என்னைப் பார்த்ததும் எழுந்து வருவது அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்துக்கு நான் வரவில்லை. இனியும் வர மாட்டேன். வேறு ஜோடி தேடிக்கொள்.

லியோனோரா


4411, மில் க்ரீக் சாலை
செப்டம்பர் 9, திங்கள்

அண்ணி,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. தபால்காரி டோனா என் கையில் கொடுத்துவிட்டு, "எதிர் வீட்டு லெட்டர் நார்ப். இங்கேருந்து டேட்டனுக்குப் போயி, முத்திரை குத்திக்கிட்டு, எம்பது மைல் சுத்தித் திரும்பி வந்திருக்கு. அந்தம்மா கைய ஆட்டியிருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள். எனக்குக் கவலையில்லை, நீங்கள் தொடங்கிவைத்த வழி, நானும் தபால்தலை வாங்கிவிட்டேன்.

எடை விஷயத்தில் தப்பு என்னுடையது. நூற்றுப் பதினொன்று என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கணக்குச் சரியாகிவிட்டதா?

எனக்கு உங்களைப் போலக் கோர்வையாக எழுத வராது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். போன வருடம் ஜூன் மாதப் புயலில் உங்கள் மேப்பிள் மரம் கூண்டு வேலி மேல் சாய்ந்தது. நான்கு மணி நேரம் அந்த ஓட்டைக்கு எதிரே துப்பாக்கியோடு நின்றவன் நான். அகதா குடிலுக்குள் படுத்துக் கொட்டாவி விட்டாள். நான்தான் சாய்ந்த மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் கம்பி கட்டிக்கொண்டே, "நார்பர்ட், நிமிர்ந்து நில்" என்றீர்கள். அன்றைக்கு அவள் வெளியே வந்திருந்தால் நான் சுட்டிருக்க வேண்டும். கிளெம் அண்ணனின் புலியை. உங்கள் கண்ணெதிரே. அது முதல் ஒவ்வொரு மாலையும் மூன்று இருபதுக்கு ஹேலி பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும்போது நான் வாசலில் நிற்கிறேன். பேத்தியை வரவேற்க என்று அவள் நினைக்கிறாள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு எதற்குத் தினமும் வரவேற்பு? உங்கள் வேலியைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

மாடு, பன்றி, நாய் என்று நான் எல்லாம் வைத்திருந்தேன். அதெல்லாம் தப்பினால் பிடித்துக்கொண்டு வரலாம். புலி தப்பினால் புதைக்கத்தான் முடியும், ஒன்று அதை, இல்லை யாரையாவது. ஒரு தனி மனிதர் வைத்துக்கொள்ளும் சொத்து இல்லை அது. நான் சொன்னது அவ்வளவுதான்.

கொலராடோவில் ஒரு சரணாலயம் இருக்கிறது. புல்வெளி, குளம் எல்லாம் உண்டு. வண்டி அவர்களே அனுப்புவார்கள். நம்பர் வைத்திருக்கிறேன்.

வேறு ஜோடி கிடைக்கவில்லை. உங்களைப் போல யாருக்கும் ஆடத் தெரியாது.

நார்பர்ட்


செப்டம்பர் 14, சனி

நார்பர்ட்,

1988இல் உன் மச்சானை மிதித்துக் கொன்றது ஒரு காளை. அந்தக் காளைக்கு யாரும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. அடுத்த வாரம் அதன் தம்பியை விலைக்கு வாங்கி வந்தாய். திரும்பிப் படுக்கக்கூட இடமில்லாத இரும்புச் சட்டங்களுக்குள் முந்நூறு பன்றி வளர்த்தவன் நீ. இப்போது அகதாவின் புல்வெளி பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

அவளைக் காட்டிலிருந்து யாரும் பிடித்து வரவில்லை. அவள் தாயும் கூண்டில் பிறந்தவள், பாட்டியும் அப்படியே. திருப்பி அனுப்ப அவளுக்கு ஒரு காடு எங்கேயும் காத்திருக்கவில்லை. கொலராடோவில் இருப்பதும் வேலிதான், கொஞ்சம் நீளமான வேலி. பதினாறு வயதுப் புலி ஆயிரத்து இருநூறு மைல் வண்டியில் போனால் என்ன ஆகும் என்று அந்த நம்பரில் கேட்டுப் பார்த்தாயா?

என்னைவிட ஒழுங்காக யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்தச் சுற்றுவட்டாரத்தில் கால் ஒடிந்த கன்று, பால் வற்றிய கிழட்டுப் பசு எல்லாம் செத்ததும் பதினாறு வருடமாக அகதாவின் தீனிக்காக என் வாசல் மேடைக்குத்தான் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் அட்டை. மேடையில் பெட்டி இருக்கிறது, கயிற்றில் பென்சில் தொங்குகிறது. என்ன விலங்கு, யாருடையது, எப்போது செத்தது, எப்படிச் செத்தது. நான்கு கேள்வி. ஓர் இடம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். துப்பாக்கியால் சுட்டதா, சரி. மருத்துவர் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்ததா, கூடவே கூடாது. அந்த மருந்து கறியில் தங்கி, தின்பதையும் தூங்க வைத்துவிடும். ஐந்நூற்றுச் சொச்சம் அட்டைகள் என் அலமாரியில் தேதிவாரியாக இருக்கின்றன. மாநிலத்திலிருந்து வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, எங்க ஆபீஸே இப்படி இல்ல" என்றார்.

அவரே ஒரு தடங்கலையும் சொன்னார். அனுமதிக்குக் காப்பீடு வேண்டும். காப்பீட்டுக்காரர்கள், என் வயதைப் பார்த்து, இரண்டாவது பொறுப்பாளர் ஒருவரின் கையெழுத்து கேட்கிறார்கள். அழைத்தால் பத்து நிமிடத்துக்குள் கூண்டுக்கு வந்து சேரக்கூடியவர், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர், விலங்குக்குப் பழக்கமானவர்.

இந்தச் சாலையில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். நான் எதையும் கேட்கவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன். படிவம் இத்துடன் இருக்கிறது.

லியோனோரா


செப்டம்பர் 19, வியாழன்

அண்ணி,

படிவத்தை மூன்று தடவை படித்தேன். திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து போடவில்லை.

கோபத்தில் இல்லை. நான் போட்டால், இந்தக் கூண்டு பத்திரமானது என்று நான் சாட்சி சொன்னதாக ஆகும். நான் அப்படி நம்பவில்லை. எனக்கும் எழுபத்தொன்று ஆகிறது. ஒரு முழங்கால் உலோகம். பத்து நிமிடத்தில் நான் வந்துவிடுவேன், ஆனால் வந்து என்ன செய்வேன்?

பன்றியைப் பற்றிச் சொன்னது உண்மைதான். சுருக்கென்று இருந்தது. பன்றி வளர்ப்பதை நான் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, நீங்கள் வேறு யாரிடமிருந்தாவது கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்கிறேன். தீவனக் கடையில் பேசிக்கொண்டார்கள். இனி யாரும் உங்கள் மேடைக்குச் செத்த கன்று கொண்டு வர மாட்டார்களாம். "நாமளே தீனி போட்டுக்கிட்டு நாமளே மனுவும் போட்டா எப்படி?" என்றான் ஒருவன். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும்போது நீங்கள் இரண்டு விரல் நுனியை மட்டும் நீட்டினீர்கள். அதுவும் கையுறை போட்டு. செப்டம்பர் மாதத்தில்.

நார்பர்ட்


அக்டோபர் 11, வெள்ளி

நார்பர்ட்,

நேற்று மாலை உன் மகன் டேரன் டிராக்டரில் வந்து ஹேலியின் மட்டக் குதிரை பிஸ்கட்டை என் மேடையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். நான் கோழிக் கழுத்து வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். மூன்று வாரமாக அகதாவுக்கு அதுதான் சாப்பாடு. தட்டை நக்கிவிட்டு என்னைப் பார்க்கிறாள். அவள் பார்வையைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

உன் யோசனையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நன்றி சொல்லும் அளவுக்கு நமக்குள் இப்போது ஒன்றும் சரியாகவில்லை. ஆனால் கவனித்தேன்.

பிஸ்கட்டுக்கு இருபத்தேழு வயது. ஹேலிக்கு என் வருத்தத்தைச் சொல். அந்தக் குதிரையின் முதுகில் அவள் முதன்முதலாக ஏறிய அன்று கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான்.

இறைச்சிக் கடைக்காரர் வந்து வெட்டித் தந்தார். குளிரறையில் தொங்குகிறது. ஆனால் அட்டையில் மூன்று இடம்தான் நிரப்பியிருக்கிறது. மட்டக் குதிரை. ஹேலி. வியாழன் காலை. எப்படிச் செத்தது என்ற இடம் காலி. டேரனுக்குக் கையெழுத்தும் சரியில்லை, கவனமும் சரியில்லை.

துப்பாக்கியா, ஊசியா, தானாகவா? ஒரே சொல் போதும். பதில் வரும் வரை அவளுக்குப் போட மாட்டேன். உடனே எழுது.

லியோனோரா


அக்டோபர் 15, செவ்வாய்
(தபால்தலை இல்லாமல், பின்கதவில் செருகியது)

அண்ணி, லெட்டர் இப்பத்தான் வந்துச்சு, மணி ஒண்ணே முக்கா. டேரன்கிட்ட போன்ல கேட்டேன். ஊசி. ஊசி அண்ணி. டாக்டர் வந்து போட்டது. எனக்குத் தெரியாது, சத்தியமா. போட்டுடாதீங்க. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறீங்க. கதவத் தட்டினேன், உள்ள இல்ல. கூண்டுப் பக்கம் போய்ப் பாக்குறேன். நா


அக்டோபர் 18, வெள்ளி

நார்பர்ட்,

டாக்டர் இன்று காலையும் வந்தார். அகதா எழுந்து நின்றாள், தண்ணீர் குடித்தாள், அவரைப் பார்த்துச் சீறினாள். பிழைத்துவிட்டாள் என்கிறார். அவள் பெரிய உடம்பு, பிஸ்கட் சிறிய உடம்பு, அதற்கு ஏற்றிய மருந்தும் குறைவு, நான் போட்டது ஒரு தொடை மட்டும். இன்னொரு தொடையும் போட்டிருந்தால் அவருக்கு இங்கே வேலை இருந்திருக்காது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உன்னைக் குற்றம் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் என்னைச் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். போதாது.

சனிக்கிழமை டோனா என் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிறு தபால் கிடையாது. அன்று பூசையில் நீ எனக்கு முன் மூன்றாவது வரிசையில் இருந்தாய். சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் நீயே திரும்பி என்னிடம் வந்தாய். கை நீட்டினாய். நான் விரல் நுனியைக் கொடுத்தேன். கேட்டிருக்கலாம். இரண்டு சொல். "ஊசியா, நார்பர்ட்?" கடிதம் எழுதியாகிவிட்டது, முறைப்படி பதில் வரட்டும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை கொலம்பஸ் தின விடுமுறை. அதை நான் மறந்துவிட்டேன். பெட்டியை மூன்று முறை போய்த் திறந்து பார்த்தேன். உன் வாசலில் உன் வண்டி நின்றது. உன் துணி கொடியில் ஆடியது.

மாலை ஐந்து மணிக்கு அகதா வெறும் தட்டைக் கம்பியில் தள்ளிச் சத்தம் செய்தாள். கோழிக் கழுத்தும் தீர்ந்திருந்தது. இருபத்தேழு வயதுக் குதிரை, வேறு எப்படிச் செத்திருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அத்தோடு நிற்கவில்லை. அட்டையை எடுத்து, காலியாக இருந்த இடத்தில், என் கையாலேயே, 'முதுமை' என்று பென்சிலால் எழுதினேன். பதினாறு வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய். எழுதிவிட்டுக் கறியைப் போட்டேன்.

செவ்வாய் காலை அவள் குடிலை விட்டு வரவில்லை. மதியம் வரையில் கூப்பிட்டேன். குச்சியால் தொட்டேன். பிறகு இரண்டு கதவையும் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

உனக்குத் தெரியுமா? குட்டியாக இருந்தபோது அவளைத் தூக்கியது எல்லாம் கிளெம். நான் வேலிக்கு இந்தப் பக்கம். என் புலி, என் புலி என்று அந்தக் கூட்டத்தில் அவ்வளவு பேர் முன்னால் சொன்னேனே, அவளை நான் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. காது மயிர் முரடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

முன்னங்காலை மடியில் எடுத்து வைத்தேன். இடது காலில் ஒரு நகம் வளைந்து வளர்ந்து, பாதத்தின் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. சீழ் வைத்திருந்தது. அடிப்பாதம் முழுக்க வெடிப்பு. சிமென்ட் தரை. வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தால் பாதத்தின் மேல்பக்கம்தான் தெரியும். அவள் ஒருபோதும் நொண்டவில்லை. டாக்டர் அந்த நகத்தை வெட்டி எடுத்தபோது சொன்னார்: "இது ஒரு வருஷமாவது இருந்திருக்கும், மிஸஸ் ஹெம்மல்கார்ன். இந்த மிருகங்க வலியக் காட்டிக்காது." அந்த ஒரு வருடத்துக்கு என்னிடம் முப்பத்தெட்டு அட்டைகள் இருக்கின்றன. எல்லாம் முழுமையாக நிரப்பியவை.

இப்போது உன்னைச் சொல்ல வேண்டிய இடம். தலையை நிமிர்த்தினேன். சாலைக்கு அந்தப் பக்கம், உன் தபால்பெட்டி மேல் துப்பாக்கியை வைத்து, நீ எங்களைக் குறி பார்த்துக்கொண்டிருந்தாய். தூங்குகிறவளை. என் மடியில் அவள் கால் இருக்கும்போது.

அதை நான் மன்னிக்கவில்லை. தெரிந்துகொள்.

லியோனோரா


அக்டோபர் 20, ஞாயிறு

அண்ணி,

மன்னிக்க வேண்டாம். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

குதிரை விஷயம். கிழட்டு மிருகத்தை எங்கள் வீட்டில் எப்போதும் டேரன்தான் சுடுவான். அப்படித்தான் நினைத்து, "பெரியம்மா மேடையில கொண்டு போய் வை, புலி பட்டினி கெடக்கு" என்றேன். ஹேலி துப்பாக்கி வேண்டாம் என்று அழுததும், டாக்டரை வரவழைத்ததும் எனக்குச் சொல்லவில்லை. ஏன்டா அட்டையில எழுதல என்று கேட்டேன். "அப்பா, பக்கத்துல புள்ள அழுதுக்கிட்டு நிக்குது. ஊசின்னு எழுதவா? அது பெரியம்மாவோட பள்ளிக்கூடத்து வேல, சும்மா ஒழுங்குக்காகக் கேக்குறாங்கன்னு நெனச்சேன்" என்றான். அந்த இடம் எதற்கென்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என் தப்பு.

உங்கள் பின்கதவில் சீட்டைச் செருகிவிட்டுக் கூண்டுக்கு வந்தேன். இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. நீங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தீர்கள், அவள் தலை உங்கள் முழங்கால் பக்கத்தில். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எழுந்துவிடுவாளோ என்று பயம். திரும்பி ஓடினேன். நான் ஓடியதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். டாக்டருக்குப் போன் செய்தேன், துப்பாக்கியை எடுத்தேன். ஹேலியின் பேருந்தை முதல் வளைவிலேயே நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர் கேட்டார், "என்ன நார்ப், புலி வெளிய வந்திடுச்சா?" "இல்ல, எங்க அண்ணி உள்ள போயிட்டாங்க" என்றேன்.

அவளை நான் குறி பார்த்தது உண்மை. அவள் காது அசைந்தால் சுட்டிருப்பேன். அதற்கும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் குறிக்கண்ணாடியில் எல்லாம் பெரிதாகத் தெரியும். நீங்கள் அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக. ஆஸ்பத்திரியில் கிளெம் அண்ணனுக்கு நகம் வெட்டிவிட்டீர்களே, அப்படி. நாற்பது நிமிடம் பார்த்தேன். கை மரத்துப்போயிற்று.

நான் நினைத்தது இன்னும் மாறவில்லை. யாருக்கும் புலி சொந்தமாக இருக்கக் கூடாது. ஆனால் உங்களிடமிருந்து அவளைப் பிடுங்கும் கையெழுத்தாக என்னுடையது இருக்கக் கூடாது. டேரன் வேலியை இரட்டிப்பு உயரமாக்கித் தருவதாகச் சொல்கிறான். சிமென்டைப் பெயர்த்து மண் போடலாம். காப்பீட்டுக்காரர்களிடம் புதிய படிவம் வாங்கினேன். இரண்டாவது பொறுப்பாளர் என்ற இடத்தில் போட்டிருக்கிறேன், பாருங்கள். தேதியும் போட்டிருக்கிறேன். ஓர் இடமும் காலி இல்லை.

நேரில் கொண்டு வந்து தரலாம் என்று வாசல் வரை வந்தேன். நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் தபாலில்.

நார்பர்ட்


அக்டோபர் 26, சனி

நார்பர்ட்,

உன் கடிதமும் படிவமும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

கொலராடோவுக்கு நான் கடிதம் போட்டது திங்கட்கிழமை. உன்னிடம் நம்பர் கேட்கக் கூச்சமாக இருந்தது, நூலகத்தில் தேடி எடுத்துக்கொண்டேன். அவளைத் தருகிறேன் என்று எழுதி, கையெழுத்திட்டு, டோனாவிடம் கொடுத்தேன். அவள் முகவரியைப் படித்துவிட்டு, "ஒரு தடவையாவது எதிர் வீட்டத் தாண்டி எழுதியிருக்கீங்களேம்மா" என்றாள்.

உன் படிவத்தை மேசை மேல் வைத்துக்கொண்டு செவ்வாய் இரவு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செப்டம்பரில் இதே கையெழுத்து வந்திருந்தால், எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்திருக்கும். அகதா இங்கேயே இருந்திருப்பாள். அந்த நகமும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். அதைத்தான் அன்றிலிருந்து மாற்றி மாற்றி யோசிக்கிறேன், முடிவுக்கு வரவில்லை.

நீ நினைப்பது சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் போட்டவர்கள் ஊரை அவளிடமிருந்து காப்பாற்றப் பார்த்தார்கள். நீ என்னை அவளிடமிருந்து காப்பாற்றப் பார்த்தாய். அவளை என்னிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வியாழக்கிழமை சரணாலயத்துப் பெண்மணி தொலைபேசியில் பேசினார். "உங்க லெட்டர் கெடச்சது, மேடம். மனசு மாறினா வெள்ளிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க. அதுக்கப்புறம் வண்டி பதிவாயிடும்" என்றார்.

இன்று சனிக்கிழமை.

வண்டி நவம்பர் 7, வியாழன் காலை ஏழு மணிக்கு வருகிறது. பயணத்தைத் தாங்குவாளா என்று டாக்டரிடம் கேட்டேன். தாங்கலாம், தாங்காமலும் போகலாம் என்றார். நேர்மையான மனிதர். நாலு நாள் உடன் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒப்படைப்புத் தாளில் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். நீ போடு. ஆறரைக்கே வா. துப்பாக்கி வேண்டாம். ஹேலி வர விரும்பினால் வரலாம், பிஸ்கட்டைப் பற்றி அவளிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். டேரனையும் அழைத்து வா, அட்டையை எப்படி நிரப்புவதென்று அவனுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. இனி நிரப்ப ஒன்றும் இல்லாவிட்டாலும்.

இதையும் தபாலில்தான் அனுப்புகிறேன். பன்னிரண்டு நாள் இருக்கிறது. உன் வீட்டுக்கு அது போதும்.

அகதாவின் பயணக் கூண்டில் கட்டி அனுப்ப ஓர் அட்டை எழுதினேன். எப்போதும் போல நான்கு கேள்வி. என்ன விலங்கு: புலி, பெண், வயது பதினாறு. எப்போது என்ற இடத்தில் ஏழாம் தேதி. எப்படி என்ற இடத்தில், செத்தது என்பதை அடித்துவிட்டு, உயிரோடு என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அடித்தேன்.

யாருடையது என்ற இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்பு ஒரு முறை காலியாக இருந்த இடத்தை நானே நிரப்பி என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும்.

அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

லியோனோரா